அக்கரையில ரெண்டு தரம் கூப்பிட்ட மனுசன்

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போட்டுத்தான் தொடங்குவன், சேர். நான் இந்த மாதிரிக் கதைகளை நம்புற ஆள் இல்ல. ஜின் இருக்கு எண்டு ஓதிப் படிச்சிருக்கிறம், அது வேற விசயம், அதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா புளியமரத்தடியில வெள்ளைச் சீலை கண்டன், பாலத்துல வரக்குள்ள மோட்டச்சைக்கிள் பின்பக்கம் பாரமாப் போச்சு எண்டு கிண்ணியாவில ஆக்கள் சொல்ற கதைகள் இருக்கே, அதுல ஒண்டையும் நான் காதுல போட்டதில்ல. இருபத்திரெண்டு வருசமா போட் என்ஜின் திருத்துறன். என்ஜின் நிண்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். ஒண்டில் எண்ணெய்க்குள்ள தண்ணி, இல்லாட்டி பிளக்ல கரி. பேய் பிடிச்சு நிண்ட என்ஜினை நான் இன்னும் காணேல்ல.

நீங்க போன கிழமையும் கேட்டீங்க, நௌபர் நானா, அந்தக் கொடுவா பிடிக்கிற இடத்துக்கு என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்க எண்டு. வேலை கிடக்கு எண்டு சாட்டுச் சொன்னனான். வேலை எப்பவும்தான் கிடக்கு. உண்மைக் காரணம் இதுதான். நீங்க பள்ளிக்கூடத்துல கணக்குப் படிப்பிக்கிற ஆள், கேட்டுப்போட்டுச் சிரிப்பீங்க. சிரிங்க, எனக்குப் பிரச்சினையில்ல. அந்த ஸ்டூலை இங்கால இழுத்துப்போட்டு இருங்க, உங்கட என்ஜினுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் எடுக்கும்.

எனக்குத் தூண்டில் போடுறது ஒரு வருத்தம், நோய் மாதிரி. வியாழக்கிழமை பின்னேரம் கடையைப் பூட்டினா வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குத்தான் திரும்பி ஊருக்குள்ள வருவன். வீட்டுக்காரி சண்டை பிடிச்சுப் பிடிச்சுக் களைச்சுப்போனா. மீன் வேணுமெண்டா சந்தையில இல்லையா, இரவெல்லாம் நுளம்புக்கு ரத்தம் குடுக்கப் போறீங்களா எண்டு கேப்பா. அவக்கு விளங்காது. என்ர கடையில விடிஞ்சதுல இருந்து பொழுதுபடும்வரை என்ஜின் சத்தம், அதுக்கு மேலால ஆக்கள் கத்துற சத்தம். ஒரு இரவாவது ஒருத்தர்ட கதையும் கேக்காம இருக்க வேணும். அதனாலதான் தனியப் போறது. மச்சானை ஒருக்காக் கூட்டிட்டுப் போனனான், அவன் அண்டைக்குக் கதைச்ச கதையில களப்புல இருந்த மீனெல்லாம் கடலுக்குப் போயிருக்கும்.

இடம் எங்கையெண்டா, மூதூர் தாண்டி, தோப்பூர் தாண்டி, இலங்கைத்துறைக்கு இங்கால பெரிய களப்பு ஒண்டு உள்ளுக்குப் போகுது. பெரிய பாதையில இருந்து மண்பாதையில இறங்கி, மோட்டச்சைக்கிளை ஒரு பாலை மரத்தடியில விட்டுட்டு, அரைமணித்தியாலம் நடக்க வேணும். பிறகு ஒரு மணல்திட்டு வரும். முன்னால தண்ணி, அங்கால தண்ணிக்குள்ள வேர் விட்டு நிக்கிற கண்டல் காடு. ஃபோனுக்கு சிக்னல் இல்ல. கிட்ட ஒரு வீடு இல்ல. கோயில் இல்ல, பள்ளி இல்ல. அங்க சிவம் அண்ணன் எண்டு ஒரு மீன்பிடிகாரர் தன்ர சின்னத் தோணியைக் கட்டிவைப்பார். அவர்ட என்ஜினை நான் திருத்திக் குடுக்கிறது, அவர் அந்தத் தோணியை எப்ப வேணுமெண்டாலும் எடுங்கோ தம்பி எண்டு சொல்லியிருக்கிறார். ஒராள் இருந்தாலே ஆடுற தோணி. நான் அதைப் பகல்லதான் தொடுவன், இருட்டினாப் பிறகு தொடமாட்டன். அந்தக் களப்புல முதலை இருக்கு. இது கதை இல்ல, கண்ணால கண்டது.

இந்த சிவம் அண்ணன்தான் எனக்கு அங்கத்தைய பழக்கம் ஒண்டைச் சொன்னவர். இரவுல தண்ணிக்கு அங்கால இருந்து ஆரும் கூப்பிட்டா, முதல் தரம் மறுமொழி சொல்லக்கூடாதாம். ரெண்டாந்தரமும் சொல்லக்கூடாதாம். மூண்டாந்தரமும் கூப்பிட்டா அது மனுசன், தாராளமாப் பேசலாமாம். மற்றதுகளுக்கு மூண்டாந்தரம் கூப்பிட ஏலாதாம். அந்தக் கரையோரத்து ஆக்கள் எல்லாரும் இதைப் பாக்கிறவங்க. சின்னப்பிள்ளைக்கும் தெரியுமாம். நான் அவருக்கு முன்னாலேயே சிரிச்சனான். ஏன் அண்ணன், பேய்க்கு ரெண்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியுமா எண்டு கேட்டனான். அவர் கோவிக்கேல்ல. உங்களுக்கு ஒருக்கா நடந்தாத் தெரியும் எண்டிட்டு கிழிஞ்ச வலையைப் பொத்துறதுல இருந்தார்.

சரி, அண்டைக்கு நடந்ததுக்கு வருவம்.

நான் போய்ச் சேரக்குள்ள பொழுது சரிஞ்சிட்டுது. மஃரிப் தொழுதிட்டு உயிர் இறால் குத்தி ரெண்டு தூண்டில் போட்டனான். ஒண்டு தடியில, மற்றது போத்தல்ல சுத்தின தங்கூசி நூல், அதைக் கையிலயே பிடிச்சிருப்பன். பாணும் மாசிச் சம்பலும் திண்டு, பிளாஸ்குல இருந்த பிளேன்டியில ஒரு கப் குடிச்சனான். நிலவு இல்ல. காத்தும் பெரிசா இல்ல. இஷாவுக்குப் பிறகு ஒரு கொடுவா பிடிச்சுது பாருங்க, இண்டைக்கும் அதை நினைச்சா என்ர உள்ளங்கை எரியும். நாலு கிலோவுக்குக் குறையாது. தண்ணிக்கு மேல ஒருக்காப் பாஞ்சுது, டோச் வெளிச்சத்துல வெள்ளி மாதிரி மின்னிச்சு, பிறகு தங்கூசியை அறுத்துக்கொண்டு போயிட்டுது. நான் வாய் திறக்கேல்ல. தனிய இருக்கக்குள்ள நான் எனக்குள்ளயே கதைக்கிற ஆள், வாயால ஒண்டும் வராது. சரி போ, உனக்கு ஆயுசு கெட்டி எண்டு மனசுக்குள்ள சொல்லிப்போட்டு வேற தூண்டில் கட்டினனான்.

கட்டி முடிச்சு டோச்சை நிப்பாட்டப் போகக்குள்ளதான் அந்தச் சத்தம் கேட்டுது.

அங்கால, கண்டல் பக்கத்துல இருந்து. ஒரு ஆம்பிளைக் குரல். என்ன சொன்னதெண்டு விளங்கேல்ல, "ஓய்" எண்ட மாதிரி நீட்டாக் கிடந்துது. முந்நூறு மீற்றர் இருக்கும் அங்காலக் கரைக்கு. நான் டோச்சை நிப்பாட்டினனான். ஏன் நிப்பாட்டினனான் எண்டு கேளுங்க. எனக்கே தெரியாது. ஒரு மனுசன் கூப்பிட்டா வெளிச்சம் அடிச்சுப் பாக்கிறதுதானே முறை. நான் நிப்பாட்டினனான்.

பயம் எண்டு நினைக்காதீங்க. நான் கணக்குப் போட்டனான். மரம் வெட்டுற கள்ளர் வாறது வழமை, அவங்க எண்டா நான் இருக்கிறது தெரியாம இருக்கிறது நல்லம். குடிச்சிட்டு வந்த ஆரும் எண்டா காலையில தானா எழும்பிப் போவான். இப்பிடி ஒவ்வொண்டா யோசிச்சுக்கொண்டிருக்கிறன், ஒரு பதினஞ்சு நிமிசம் போயிருக்கும், ரெண்டாந்தரம் கேட்டுது. இந்தமுறை "ஐயா" எண்டது மட்டும் தெளிவா விளங்கிச்சு. முதல் தரத்தைவிடச் சத்தம் குறைவு.

இங்கதான் சேர் நான் செய்த வேலை. நம்புங்க, நம்பாட்டிப் போங்க. பேய்க்கு ரெண்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியுமா எண்டு சிரிச்ச அதே நௌபர், மூண்டாந்தரத்துக்காகப் பாத்துக்கொண்டு இருந்தனான். வாயைத் திறந்து வைச்சுக்கொண்டு இருந்தனான் எண்டே சொல்லலாம். மூண்டாந்தரம் கூப்பிடட்டும், உடன மறுமொழி சொல்லுவம், டோச் அடிப்பம் எண்டு. நம்பிக்கை இல்ல. ஆனா உடம்பு கேக்கேல்ல. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம், அரைமணித்தியாலம். ஒண்டும் இல்ல. அங்கால தவளைச் சத்தம் மட்டும்.

மூண்டாந்தரம் அந்தக் குரல் வரவே இல்ல.

விடியும்வரைக்கும் நான் கண் மூடேல்ல. தூண்டில் ரெண்டையும் சுத்தி எடுத்து வைச்சிட்டன். மனசுக்குள்ள ஒரே கதைதான். மனுசனா இருந்தா படுத்திடாத, தண்ணியை விட்டு மேல ஏறி இரு, இந்த இருட்டுக்குள்ள என்னால தோணி எடுக்கேலாது, விடியட்டும், விடிஞ்ச உடன வாறன். இதைத்தான் திருப்பித் திருப்பி நினைச்சுக்கொண்டிருந்தனான். ஆனா அதை ஒருக்காக் கத்திச் சொல்லியிருக்கலாம், அதுக்கு என்ன செலவு? ஒரு செலவும் இல்ல. சொல்லேல்ல. கண்டது எண்டு ஒண்டும் இல்ல, சேர். உருவம், வெளிச்சம், வாசம், அப்பிடி ஒண்டும் இல்ல. அந்த இரவு முழுக்க நான் கேட்டது ரெண்டு கூப்பாடு. அவ்வளவுதான்.

சுபஹ் தொழுதிட்டு, ஆள் முகம் தெரியிற அளவுக்கு வெளிச்சம் வந்த உடன தோணியை அவிழ்த்தனான். அங்கால போகப் போக வேணாம் வேணாம் எண்டு மனசு சொல்லுது. ஒண்டும் இருக்கக்கூடாது, சும்மா ஆரோ மரக்கள்ளன் கூப்பிட்டதா இருக்க வேணும் எண்டு துஆக் கேட்டுக்கொண்டுதான் துடுப்புப் போட்டனான். முதல்ல கண்டது நண்டு பிடிக்கிற கூடு ஒண்டு, தண்ணியில பாதி மிதந்துகொண்டு கிடந்துது. பிறகு கண்டல் வேருக்கு மேல ஒரு ஆள்.

அம்பது, அம்பத்தஞ்சு வயசு இருக்கும். வேர் ரெண்டுக்கு நடுவுல முதுகைச் சாத்திக்கொண்டு இருந்தார். உடுத்திருந்த சாரத்தைக் கிழிச்சு முழங்காலுக்குக் கீழ கட்டியிருந்தார், அதுக்குக் கீழ கால் ஊதி, கறுத்து, பாக்க ஏலாது. திருக்கை முள்ளு. முதல்நாள் பின்னேரம் நண்டுக் கூடு தூக்க முழங்கால் தண்ணியில இறங்கினவராம், காலடியில திருக்கை கிடந்திருக்கு, முள்ளு கணுக்காலுக்கு மேலால ஏறி முறிஞ்சுபோச்சு. விழுந்து எழும்பிறதுக்குள்ள தோணியைத் தண்ணி இழுத்துக்கொண்டு போயிட்டுதாம். ஊர்ந்து ஊர்ந்து அந்த வேர்ல ஏறினவர். பன்னிரெண்டு மணித்தியாலத்துக்கு மேல அப்பிடியே.

நான் செத்துப்போனார் எண்டுதான் நினைச்சனான். கண் மூடியிருந்தார். தோணி வேர்ல முட்டின சத்தத்துக்குக் கண்ணைத் திறந்து என்னைப் பாத்தார். பாத்திட்டு, களைச்ச குரல்ல, ஆனா நல்ல தெளிவாச் சொன்னார்.

"சொன்ன மாதிரியே விடிய வந்திட்டீங்க தம்பி."

காய்ச்சல்ல பினாத்துறார் எண்டு எடுத்தனான். கை வைச்சுப் பாத்தன், நெருப்பாக் கொதிச்சுது. அவரைத் தூக்கித் தோணியில வைக்கக்குள்ள ரெண்டு பேரும் கவிண்டிருப்பம், அல்லாஹ்தான் காப்பாத்தினவன். அந்த மணல்திட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரயோசனம் இல்ல, அங்க இருந்து ஆரு தூக்கிறது? கரையோரமாவே துடுப்புப் போட்டு, முக்கால் மணித்தியாலத்துல ஆக்கள் இருக்கிற துறைக்குக் கொண்டுவந்தன். அங்க இருந்து ஓட்டோவில ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் அவர் என்ர கையைப் பிடிச்சபடி. பேர் யோகராசா, வெருகல் பக்கம் வீடு, நாலு பிள்ளைகள், அவர்ட உழைப்புல ஓடுற குடும்பம் எண்டதெல்லாம் அந்த ஓட்டோவுக்குள்ளதான் தெரியவந்தது.

ஆஸ்பத்திரியில டொக்டர் சொன்னார், கால் தப்பும், ஆனா இன்னும் முந்திக் கொண்டுவந்திருந்தா நல்லம் எண்டு. அவர் என்னைக் குறை சொல்றதுக்குச் சொல்லேல்ல. பொதுவாச் சொன்னவர். நான் வெளியில வந்து சுவரோட நிண்டனான். எத்தினை மணித்தியாலம் எண்டு எனக்குத்தானே தெரியும்.

மூண்டாம் நாள் பாக்கப் போனன். சோடா ஒண்டும் தோடம்பழமும் வாங்கிட்டு. போகக்குள்ள முடிவெடுத்துத்தான் போனனான், உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேப்பம் எண்டு. அவர் கட்டில்ல நிமிந்து இருக்கிறார், பொஞ்சாதி பக்கத்துல. என்னைக் கண்ட உடன அந்த மனுசி எழும்பிக் கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கு எங்க முகத்தை வைக்கிறதெண்டு தெரியேல்ல. நான் வாயைத் திறக்க முந்தி யோகராசா அண்ணன் பொஞ்சாதிக்குச் சொல்றார், இவர்தான், இரவு முழுக்க என்னோட கதைச்சுக்கொண்டிருந்தவர் எண்டு.

நான் சொன்னன், அண்ணன், நான் உங்களோட கதைச்சதா எண்டு.

"பின்ன? நான் முதல் தரம் கூப்பிட்டன், நீங்கள் மறுமொழி சொல்லேல்ல. நான் குறை நினைக்கேல்ல. எங்கட ஆக்கள் அப்பிடித்தான், மூண்டாந்தரத்துக்குத்தான் சொல்லுவினம். ரெண்டாந்தரம் கூப்பிட்டன். மூண்டாந்தரத்துக்கு உடம்புல உள்ள பலம் எல்லாத்தையும் சேத்து வைச்சிருந்தனான். அதுக்கு முந்தியே நீங்கள் சொல்லிப்போட்டீங்கள். பிறகு எதுக்குக் கத்துவான்?"

பிளான் பண்ணி வந்த மன்னிப்பை நான் கேக்கேல்ல, சேர். நான் என்ன சொன்னனான் எண்டு கேட்டன், கேட்ட மாதிரியும் இல்லாம, சும்மா ஞாபகமில்லாத ஆள் மாதிரி.

அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு இருந்தன். கேக்குது, படுத்திடாதீங்க, தண்ணியை விட்டு மேல ஏறி இருங்க, இருட்டுல தோணி எடுக்கேலாது, விடிஞ்ச உடன வாறன். இதுதான் முதல்ல வந்ததாம். நான் நினைச்ச அதே சொல்லு, அதே ஒழுங்கு. அதோட விடேல்லையாம். அவர் நித்திரை தூங்கப் போற நேரமெல்லாம் அந்தக் குரல் பிள்ளைகள்ட பேரைக் கேக்குமாம், மூத்தவள் என்ன படிக்கிறாள் எண்டு கேக்குமாம். கொடுவா ஒண்டு தங்கூசியை அறுத்துக்கொண்டு போன கதையும் சொல்லிச்சாம். நல்லாச் சிரிச்சனான் தம்பி, அந்த வலிக்குள்ளயும் எண்டார்.

கொடுவாவை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்லேல்ல, அண்டைக்கு மீன் கதை கதைக்கிற நிலைமையிலயா வீட்டுக்கு வந்தனான்?

இன்னொண்டு. அவர்ட நிலைமையில முந்நூறு மீற்றர் கேக்கிற மாதிரிக் கத்திக் கத்தி இரவு முழுக்கக் கதைக்கேலாது. நான் அதையும் கேட்டன். எனக்கும் அதுதான் அதிசயம் எண்டார். அவர் முணுமுணுத்த மாதிரித்தான் கதைச்சாராம், ஆனாலும் மறுமொழி உடன வருமாம். குரல் என்ர கரையில இருந்துதான் வந்ததாம், ஆனா காதுக்குப் பக்கத்துல இருந்து சொல்ற மாதிரிக் கேட்டுதாம். தண்ணியில சத்தம் அப்பிடி வரும்தானே தம்பி எண்டு அவரே ஒரு காரணமும் சொன்னார். நான் ஓம் எண்டன். பாத்தீங்களா, ஓம் எண்டன். உள்ளதைச் சொல்ல வந்த ஆள், அந்த நன்றியையும் வாங்கிப் பொக்கற்றுல போட்டுக்கொண்டு வெளிக்கிட்டனான்.

அதுக்குப் பிறகு ஒரு வருசத்துக்குக் கிட்ட, அவர் மாசத்துல ஒருக்காவாவது இங்க வருவார். கால் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறது, ஆனா தொழிலுக்குப் போறார். வரக்குள்ள ஒரு பை நண்டு. வேணாம் அண்ணன் எண்டாக் கேக்கமாட்டார். நீங்க இருக்கிற இந்த ஸ்டூல்லதான் இருந்து பிளேன்டி குடிச்சிட்டுப் போவார். கடைக்கு வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுவார், இந்த மனுசன் அண்டைக்குக் கதைச்சிருக்காட்டி நான் நித்திரையாகித் தண்ணிக்குள்ள விழுந்து செத்திருப்பன் எண்டு. ஒவ்வொருமுறையும் எனக்கு ஒரு சுத்தியல் அடி. அந்த நண்டை வீட்டுல எல்லாரும் திண்டாங்க, என்ர தொண்டையில ஒருநாளும் இறங்கேல்ல. வீட்டுக்காரி கேட்டா, ஏன் உங்களுக்கு நண்டு பிடிக்காமப் போயிட்டுது எண்டு.

எங்கட மௌலவிட்ட ஒருக்காப் போய்ச் சொன்னன். அவர் முழுக்கக் கேட்டிட்டு, மறைவானதை அல்லாஹ் அறிவான், நீங்க அந்த மனுசனுக்கு உண்மையைச் சொல்லுங்க, உங்களுக்கு உரிமையில்லாத நன்றியை வைச்சிருக்கிறது சரியில்ல எண்டார். எனக்குத் தெரியாததையா சொன்னார்? ஆனா ஒராள் வாயால கேட்டாத்தான் உறைக்குது.

போன நோன்புக்கு முந்தி, ஒருநாள் பின்னேரம் கடையில ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்து வந்தார். நண்டுப் பையை மேசையில வைச்சார். நான் என்ஜினை விட்டுட்டுக் கையைத் துடைச்சுக்கொண்டு அவருக்கு முன்னால இருந்தன். இருந்து சொல்லிட்டன். அண்ணன், நான் அண்டைக்கு வாயே திறக்கேல்ல. நீங்க ரெண்டு தரம் கூப்பிட்டது கேட்டுது. நான் டோச்சை நிப்பாட்டிப்போட்டு இருந்தனான். விடியும்வரைக்கும் ஒரு சொல்லும் சொல்லேல்ல. உங்களோட கதைச்சது நான் இல்ல. ஏசிறதெண்டா ஏசுங்க, இந்த நண்டையும் கொண்டுபோங்க எண்டன்.

அவர் ஏசேல்ல. அதிர்ந்து போகவும் இல்ல. குடிச்சுக்கொண்டிருந்த பிளேன்டிக் கப்பைக் கீழ வைச்சார். பிறகு, அப்பிடியெண்டா இப்பதான் விளங்குது எண்டார்.

என்ன விளங்குது எண்டு கேட்டன்.

"உங்களுக்குச் சொன்னா நீங்கள் கூச்சப்படுவீங்கள் எண்டு நான் இதைச் சொல்லாம விட்டனான், தம்பி. விடியச்சாமம் இருக்கும். கால் வலி தாங்கேலாமப் போச்சு. நான் கெஞ்சினனான். இப்பவே வாங்கோ, விடியும்வரைக்கும் என்னால ஏலாது எண்டு. அதுக்கு மட்டும் மறுமொழி உடன வரேல்ல. பிறகு வந்துது. வரலாம், ஆனா இங்க ஒராள் தனிய இருக்கிறார், பாவம், உங்களைவிடப் பயந்துபோய் இருக்கிறார், அவரை விட்டுட்டு வரேலாது எண்டு. உங்களோட தூண்டில் போட வந்த ஆரோ ஒராளைச் சொல்றீங்கள் எண்டு நினைச்சனான். விடிய நீங்கள் தனிய வந்தீங்கள். மற்ற ஆள் எங்க எண்டு கேப்பம் எண்டு நினைச்சனான், பிறகு மறந்துபோனன்."

அவ்வளவும் சொல்லிட்டு அவர் மிச்சத் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பினார். எனக்கு ஒண்டும் இல்ல தம்பி, எது கதைச்சாலும் எனக்கு உதவிதான் செய்தது, நீங்களும் விடிய வந்தீங்கள்தானே, மனசுல வைச்சிருக்காதீங்கோ எண்டு தோள்ல தட்டிட்டுப் போனார். நண்டை விட்டுட்டுத்தான் போனார். இப்பவும் வாறவர், அடுத்த மாசமும் வருவார், வேணுமெண்டா நீங்களே கேட்டுப் பாருங்க.

இப்ப நீங்க ஒரு காரணம் சொல்லுவீங்க. காய்ச்சல், ரத்தம் போனது, பிரமை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பன், வேற ஆரும் இந்தக் கதையைச் சொல்லியிருந்தா. கொடுவா கதை அவருக்கு எப்பிடித் தெரிஞ்சுது எண்டதை விடுவம், என்ர டோச் வெளிச்சத்துல மீன் பாஞ்சதை அவர் கண்டிருப்பார் எண்டு சொல்லலாம். மற்றதையும் ஏதோ ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். ஆனா சேர், கதை தொடங்கக்குள்ள இருந்து உங்களுக்கு ஒரு பொய் சொல்லிக்கொண்டு வந்தனான். மரக்கள்ளன், குடிகாரன் எண்டு கணக்குப் போட்டனான் எண்டன். கணக்கு ஒண்டும் போடேல்ல. முதல் கூப்பாட்டுல இருந்து விடியும்வரைக்கும் பயம்தான். சாரத்தைத் தலைக்கு மேலால இழுத்து மூடிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தனான். அதை அந்த மணல்திட்டுல பாக்கிறதுக்கு ஒருத்தரும் இல்ல. வீட்டுக்காரிக்கும் தெரியாது, மௌலவிக்கும் சொல்லேல்ல. முதல்முதல் உங்களுக்குத்தான் சொல்றன்.

உங்கட என்ஜின் முடிஞ்சுது, கயித்தை இழுத்துப் பாருங்க. அந்த இடத்துக்குப் போகத்தான் வேணுமெண்டா பாதையைக் கடுதாசியில கீறித் தாறன், மீன் இருக்கு, அதுல பொய்யில்ல. நான் வரமாட்டன். அது என்னவா இருந்தாலும் எனக்கு ஒரு கெடுதியும் செய்யேல்ல, அதுவும் தெரியும். போகாம, சாகக் கிடந்த மனுசனை விட்டுட்டு, எனக்குப் பக்கத்துல விடியும்வரைக்கும் இருந்திருக்கு. அந்தப் 'பாவம்' எண்டு சொன்னதுதான் சேர், எனக்கு இன்னும் செமிக்கேல்ல.